கணவர் பெயருக்கான கட்டம்

குவைத்
6.8.2023

அன்புள்ள அப்பாவுக்கு மணிமொழி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள், அம்மா, அண்ணன், அண்ணி, அபிநயா எல்லோரும் நலம்தானே? நேற்றுகூட அம்மாவிடம் போனில் பேசினேன். உங்கள் காது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "மெஷினை டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்காரு. டப்பாவுக்கு நல்லாவே கேக்குது" என்றாள்.

வழக்கமாக நான் எழுதுவதைப் படம் பிடித்து அண்ணன் மகள் அபிநயாவின் போனுக்கு அனுப்புவேன், அவள் உங்களுக்குக் காட்டுவாள். இது அவள் படிக்கக் கூடாத விஷயம். அதனால்தான் தபால். எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸாக இருக்கும் சிந்துஜா லீவில் வேலூருக்கு வருகிறாள், அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

என் பாஸ்போர்ட் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிகிறது. நான் இங்கே தங்குவதற்கான இகாமா அந்தப் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அது முடிந்தால் இதுவும் முடிந்தது, அப்புறம் வேலையும் இல்லை. போன வாரமே தூதரகத்தில் புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயருக்கான கட்டத்தில் அறிவுச்செல்வன் என்று இருக்கிறது. விவாகரத்தாகி ஐந்து வருஷம் ஆகிறது அப்பா. அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி, கோர்ட் தீர்ப்பின் நகலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இதை விசாரிக்க ஒரு போலீஸ்காரர் நம் வீட்டுக்கு வருவார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்குவார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் இத்தனை வருஷம் நானும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் "அவருக்கு லீவு கிடைக்கல" என்று நானே சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு தடவை, அந்த ஒரு ஆளிடம் மட்டும் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் பொங்கலுக்கு வந்துவிடுவேன். உங்களைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. தைப் பௌர்ணமிக்குக் கடையைச் சாத்திவிட்டு நானும் அம்மாவும் கிரிவலம் போவதாகப் பேச்சு. கிரிவலப் பாதையிலேயே வீடு. முப்பது வருஷமாகச் சுற்றுகிறவர்களுக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள், ஒரு பௌர்ணமிக்குக்கூட தான் சுற்றியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
மணிமொழி


அடி அண்ணாமலை
24.8.2023

மகள் மணிமொழிக்கு அப்பா அப்பாதுரை எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்.

வேலூர் முத்திரையோடு கடிதம் வந்து சேர்ந்தது. படித்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதை நினைத்து வேலையில் கோட்டை விடாதே.

மல்லாட்டைக்குக் களை எடுத்தாயிற்று. கடலை பிடிக்க மழைதான் கம்மி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்திதான், ஆனாலும் நீ வருகிறாய் என்றதும் விடியற்காலையில் வாசலிலிருந்து லிங்கத்து முனை வரை நடந்து பழகுகிறாள். பதினாலு கிலோமீட்டருக்கு இப்போதே ஒத்திகையாம். அபிநயா இதைப் படம் எடுக்கக் காத்திருக்கிறாள், மற்றவை பின்னர்.

ஆசிகளுடன்
அப்பா


அடி அண்ணாமலை
19.9.2023

மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம்.

நேற்று போலீஸ்காரர் வந்து போனார். நல்ல மாதிரிதான். உன் அம்மா கீழ்பென்னாத்தூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், அபிநயா காலேஜில். நான்தான் மோர் கொடுத்து உட்கார வைத்தேன். கேட்டார், சொன்னேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளும் எதிர்வீட்டு முருகவேலும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இனி நீ அதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டாம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. வெயில் மட்டும் சித்திரை போல அடிக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


குவைத்
2.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? மல்லாட்டை பிடுங்கியாயிற்றா?

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இரண்டு முறை போய்க் கேட்டேன். ஊரிலிருந்து வந்த போலீஸ் அறிக்கையும் நான் எழுதிக் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கிறார்கள். எது ஒத்துப்போகவில்லை என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அன்று வந்தவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் வைத்து எழுதுங்கள் அப்பா. எனக்கு இருப்பது இரண்டே மாதம்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருவது கொஞ்சம் சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். அதற்கே, "நீ வர முடியலன்னா நான் வர்றேன்டி. அப்போ எனக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ எட்டும் அப்படியே டப்பாவுல இருக்குது" என்கிறாள்.

உடனே பதில் போடுங்கள்.

மணிமொழி


அடி அண்ணாமலை
29.11.2023

மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. அனைவரும் சுகம்.

தீபம் முடிந்தது. இந்த வருஷக் கூட்டம் சொல்லி மாளாது, பாதையைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆயிற்று. மலை மேல் தீபம் ஏற்றியபோது உன் அம்மா அடுப்பை விட்டு எழுந்து நின்று உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மல்லாட்டை காய வைக்கும் வேலை, அப்புறம் தீபம். போலீஸ் விஷயம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆபீஸ் வேலை என்றால் இழுக்கத்தான் செய்யும். வந்துவிடும்.

அப்பா


குவைத்
8.1.2024

அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மூன்று நாளைக்கு முன் என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கோ பேசி, மூன்று மாதம் தற்காலிகமாகத் தங்க அனுமதி வாங்கித் தந்திருக்கிறார்கள். அதற்குள் புதியது வர வேண்டும். இந்த நாட்டை விட்டு என்னால் இப்போது வெளியே வர முடியாது.

பொங்கலுக்கு வரவில்லை. அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். "சரி, அப்ப இந்தப் பௌர்ணமிக்கும் கடை போட்டுர்றேன்" என்றாள்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை அப்பா.

மணிமொழி


அடி அண்ணாமலை
30.1.2024

மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

அபிநயா உனக்குப் போனில் சொன்னதுதான். தைப் பௌர்ணமி அன்று சாயங்காலம் கடையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாளாகச் சேர்த்திருக்கிறது. வலது கை, வலது கால் அசைவில்லை. பேச்சு வரவில்லை. டாக்டர், நர்ஸ் எல்லோரும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். நர்ஸ் கிட்டே வந்தால் மட்டும் கண்ணை அகல விரித்துப் பார்க்கிறாள். வெள்ளை உடுப்பைப் பார்த்து நீ என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

இனி நாங்கள் இருவரும் ஒன்று. எனக்குக் காது இல்லை, அவளுக்குப் பேச்சு இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படியாவது உன்னால் வர முடியுமா, பார்.

அப்பா


குவைத்
4.2.2024

அப்பாவுக்கு,

வர முடியாது அப்பா. பாஸ்போர்ட் வரவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாக அபிநயா சொன்னாள். இதைச் செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். படுத்த வாக்கில் எதுவும் ஊட்டக் கூடாது. தலையணை வைத்து உட்கார வைத்து, கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, இடது பக்க வாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். வலது உள்ளங்கையில் ஒரு துணிச்சுருளை வையுங்கள், விரல் மடங்கிப் போகாது. மாத்திரையை அண்ணி கொடுக்கட்டும், நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

இங்கே ஒரு வார்டில் பன்னிரண்டு பேருக்கு இதையெல்லாம் நான்தான் செய்கிறேன்.

மணிமொழி


அடி அண்ணாமலை
6.3.2024

மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டு எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதை நானே டவுனுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுகிறேன். பிப்ரவரி 17இல் உன் அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனதை அபிநயாவின் போனில் நீ பார்த்தாய். உன் அண்ணன் கோபி கொள்ளி வைத்ததையும் பார்த்திருப்பாய். நான் சொல்லப்போவதை நீ பார்க்கவில்லை.

உன் பாஸ்போர்ட்டை நிறுத்தியது நான்.

அன்று போலீஸ்காரர் கேட்டது எனக்கு விழவில்லை. சத்தமாகக் கேட்டார். அப்புறம் தெருவே அதிர, "உங்க பொண்ணு புருஷனை விட்டுப் பிரிஞ்சிடுச்சா பெரியவரே?" என்றார். எனக்கே கேட்டதென்றால் யாருக்குத்தான் கேட்காது? குழாயடியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மாள் குடத்தோடு நின்றுவிட்டாள். நீ எழுதியது நெஞ்சில்தான் இருந்தது. ஆனால் என் வாய், "யார் சார் சொன்னது? மாப்பிள்ளை அங்க கூடத்தான் இருக்காரு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றது. அதோடு விடாமல் அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் உன் கல்யாணப் படத்தையும் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நவம்பரில் நீ கேட்டபோதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஸ்டேஷனுக்குப் போய் மாற்றிச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டவர்களையும் கூட்டிப்போக வேண்டும். நாளைக்குப் போகலாம், தீபம் முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். என் மானத்தை நான் பொத்திப் பொத்தி வைத்ததில் அவள் உன்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கருமாதிப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனேன். உனக்குத் தெரியும், பிள்ளைகள் பேரை ஜோடி ஜோடியாகத்தான் போடுவார்கள். மகன் கோபி, மருமகள் கஸ்தூரி என்று எழுதிக்கொண்டவன், மகள் மணிமொழி என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். எனக்குக் காது கேட்காது என்பதால் ஒரு தாளில் "மருமகன் பெயர்?" என்று எழுதி நீட்டினான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவுச்செல்வன் என்று எழுதிக் கொடுத்தால் அவளுடைய கருமாதியிலும் பொய். "இல்லப்பா, என் பொண்ணு தனியாத்தான் இருக்குது. தீத்துக்கிச்சு" என்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வெளியே சொன்னேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரியை எழுதப் போய்விட்டான். அவ்வளவுதான் மணி. அவ்வளவுக்குத்தான் நான் பயந்து கிடந்தேன்.

பத்திரிகை கொடுக்கிற சாக்கில் கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். மெஷினை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டுதான் போனேன். நடந்ததைச் சொல்லி, போலீஸில் பொய்க்குக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, அது எங்களுக்கு எப்பவோ தெரியும். அந்த ஆளோட ரெண்டாவது கல்யாணத்துக்கு என் தங்கச்சி புள்ளையே போய் மொய் வச்சிட்டு வந்தான். அக்காவே குழாயடில சொல்லி அழுதாங்க. 'தெருவுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்டி, தாங்க மாட்டாரு'னாங்க. அதான் அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்களோ அதையே நாங்களும் சொல்லிட்டோம்."

தெருவுக்கே தெரிந்ததை நான் தெருவிடமிருந்து மறைத்திருக்கிறேன். தெரு எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நடுவில் நசுங்கியது நீ.

மறுநாளே கன்னியம்மாளும் முருகவேலும் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். மூவரும் உண்மையை எழுதிக் கொடுத்தோம். அறிக்கையைத் திருத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இன்னொன்று. வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து உன் அம்மா இடது கையைத் தூக்கித் தூக்கி அந்தக் கல்யாணப் படத்தையே காட்டினாள். உன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "அதை எடுத்துடச் சொல்லியிருப்பாங்க அண்ணே, எங்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க" என்கிறாள் கன்னியம்மாள். எது என்று இனி யாரிடம் கேட்பேன்?

பத்திரிகை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உன் பேர் தனியாக இருக்கிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் போடு.

அப்பா


குவைத்
3.4.2024

அப்பாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். உங்கள் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அந்த நாலு தாளும் போதவில்லை. செப்டம்பரில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தைப் பௌர்ணமிக்கு அம்மா அடுப்பு முன்னால் நின்றிருக்க மாட்டாள், என்னோடு நடந்துகொண்டிருந்திருப்பாள். இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது என்னுடையது. "வர முடியாது" என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஊர் திரும்பத் தூதரகத்தில் ஒரு தாள் தருவார்கள். ஒரு வழிக்கு மட்டும். கேட்டேன், இரண்டு நாளில் தருகிறோம் என்றார்கள். அதில் வந்தால் இங்கே திரும்ப முடியாது. வேலை போவதுகூடப் பெரிதில்லை. வந்த பிறகு அந்த வீட்டில், அந்தப் படத்துக்குக் கீழே, குவைத்திலிருந்து புருஷன் வருவான் என்று காத்திருக்கிறவளாக எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தேன். நாளைக்கு அந்தத் தாளை வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று பதிமூன்று நாள் யோசித்தேன். அம்மா போய்விட்டாள். தள்ளிப்போட்டதில் நான் உங்கள் மகள்தான்.

நேற்று புது பாஸ்போர்ட் வந்தது. பத்து வருஷத்துக்கு. கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு மேலே அம்மா பெயருக்கு ஒரு கட்டம், ரேணுகாம்பாள் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இருபதாம் தேதி வருகிறேன். அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படி வருவது என்று தெரியவில்லை. ஆனால் வருகிறேன்.

மணிமொழி

இதை அபிநயா போனுக்கே அனுப்புகிறேன். படித்தால் படிக்கட்டும்.


அடி அண்ணாமலை
9.4.2024

மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. சாப்பிடுகிறேன். உன் அண்ணி விடமாட்டேன் என்கிறாள்.

அபிநயாவே உரக்கப் படித்துக் காட்டினாள், மெஷின் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது. அவளுக்கும் மூன்று வருஷமாகத் தெரியுமாம். எனக்குக் காது மட்டும்தான் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலும் எனக்கு நிறையக் குறை இருந்திருக்கிறது.

நீ யோசித்த பதிமூன்று நாளையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன், நீ சுமக்காதே.

சித்திரைப் பௌர்ணமி இருபத்து மூன்றாம் தேதி. அன்றைக்குக் கடை கிடையாது என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டேன். நீயும் நானும் சுற்றுகிறோம், கன்னியம்மாளும் வருகிறாள். எனக்குக் கால் வலித்தால் சொல்லிவிடுவேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. வழியில் யாராவது மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் சொல்கிறேன்.

உன் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டேன். அந்த ஆணியில் உன் அம்மாவை மாட்டலாம் என்றால், தனியாக அவள் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றிலும் யார் பின்னாலோ பாதி முகம்தான். கடைசியில் டப்பாவில் அந்தப் பாஸ்போர்ட் போட்டோ எட்டும் கிடைத்தது. உன்னிடம் வர வேண்டும் என்று ஆசையாக எடுத்து வந்தாள். குவைத்துக்குப் போய் வந்தால் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று ஊரே கேட்கும் என்று பயந்து, விண்ணப்பம் போட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதில் ஒன்றைக் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு என்றால் சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரன் சொன்னானாம். அதனால்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். நீ உள்ளே நுழைந்ததும் அவள் முகம்தான் எதிரே தெரியும். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துவிடாதே.

அப்பா